ஆவணி விடுமுறையில் ஒரு பனையோலைப் பெட்டி



ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் வீடுகளில் ஆட்கள் கூடிவிடுவார்கள். பதினைந்தாம் நாள் மடு அன்னையின் திருவிழா. கொழும்பிலிருக்கும் மகன் குடும்பத்தோடு வருவான். கனடாவிலே ஆனி இறுதியிற் பூட்டப்படும் பாடசாலைகள் புரட்டாதி முதல் வாரத்திலேதான் மீண்டும் திறப்பதால், அங்குள்ள பேரப்பிள்ளைகளும் இந்த மாதத்தைப் பார்த்தே வந்திறங்குகிறார்கள். எங்கள் பாடசாலைகளின் ஆவணி விடுமுறை அண்மைய ஆண்டுகளில் முன்பின்னாகவும் முன்னரிலும் குறுகியும் போனதுண்டு. ஆயினும் சில நாட்களாவது எல்லோரும் ஒரு கூரையின் கீழ் இருக்கிற காலம் இதுவே. பனம்பழம் விழுகிற காலமும் இதுவே. காலையில் வளவுக்குள் போனால் அந்த வாசனையே பாதி விருந்து.

முதல் மூன்று நாட்களும் நன்றாகவே கழியும். பெட்டிகள் திறக்கப்படும், சொக்கிளேற் பங்கிடப்படும், படம் பிடிக்கப்படும். நான்காம் நாள் தொடக்கம் என்ன நடக்கிறது என்பதை வீட்டுக்காரர் யாவரும் அறிவர். வெளிநாட்டுப் பிள்ளை மின்விசிறிக்குக் கீழே கைபேசியோடு படுத்துக்கொள்ளும். உள்ளூர்ப் பிள்ளை ரியூசனுக்கு ஓடும். அம்மம்மா அடுப்படியில் தனியே நிற்பா. பேரப்பிள்ளைக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. அம்மம்மாவுக்கோ ஆங்கிலம் வராது. “சாப்பிட்டியா?” என்ற கேள்விக்கும் “ஓம்” என்ற விடைக்கும் அப்பால் அவர்களுக்கிடையே ஒன்றும் நடப்பதில்லை. பிறகு விமான நிலையத்திலே அழுகிறோம்.

இவ்விடயத்திற் பெற்றோரைக் குறைகூறி எழுதுவது எளிது. அதை விட்டுவிட்டு, செய்யக்கூடிய ஒரு காரியத்தை இந்த இதழிற் பாடமாகத் தரலாமென எண்ணினேன். குளிர் நாடுகளிலே விடுமுறைக் காலத்தில் தாயும் பிள்ளையும் கம்பளி நூலெடுத்துத் தொப்பியோ கழுத்துச் சால்வையோ பின்னி உறவினருக்குப் பரிசளிப்பது வழக்கம். எங்கள் தாய்மார் பலரும் கன்னியர் மடப் பாடசாலைகளிலே லேஸ் பின்னலும் குரோசே வேலையும் பழகியவர்கள்தாம். ஆனால் யாழ்ப்பாண வெயிலிற் கம்பளியை மடியில் வைத்திருக்க யாரால் முடியும்? எங்கள் மண்ணுக்குரிய நூல் ஓலை. அதற்குரிய வேலைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் பன்னவேலை.

சென்ற ஆண்டு மடுத் திருவிழா முடிந்த கிழமை, கரையோரப் பங்கொன்றில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபது தாண்டிய ஒரு அம்மா. ரொறன்ரோவிலிருந்து மகளும் பதினொரு வயதுப் பேத்தியும் வந்திருந்தார்கள். அம்மா என்னைத் திண்ணைப் பக்கம் கூப்பிட்டு, “சுவாமி, இந்தப் பிள்ளைக்கு நான் ஒரு ஆளாகவே தெரியேல்லை” என்றா. சொல்லும்போது சிரித்தா, கண் சிரிக்கவில்லை. நான் பதில் தேடிக்கொண்டிருக்க, அவ பழக்கத்தின்படி மூலையிற் கிடந்த சார்வோலைக் கட்டை இழுத்து, பாதியில் நின்ற நீத்துப்பெட்டியை மடியில் வைத்து இழைக்கத் தொடங்கினா. பிள்ளை கைபேசியிலிருந்து நிமிர்ந்து பார்த்தது. சற்றுப் பொறுத்து எழும்பி வந்து பக்கத்திற் குந்தியது. நான் விடைபெற்றுக்கொண்டேன்.

மறு கிழமை நற்கருணை கொண்டுபோனபோது திண்ணையெங்கும் ஓலைக் கழிவு. பிள்ளை இழைக்கிறது, பிழை விட்டால் அம்மம்மா ஈர்க்கினால் மெல்ல விரலிலே தட்டுகிறா, பிள்ளை கெக்கட்டமிட்டுச் சிரிக்கிறது. மேலே, கீழே, இழு, விடு, பொறு, இறுக்கு. ஆறு சொற்களோடு இரண்டு பேருடைய வேலையும் நடக்கிறது. பிறகு பிள்ளை, எனக்கு முன்பாகவே, தட்டுத்தடுமாறித் தமிழிலே கேட்டது: “அம்மம்மா, உங்களுக்கு ஆர் பழக்கினது?”

அம்மா கையை நிறுத்தாமற் சொன்னா. தகப்பன் கடலுக்குப் போய் வராமற் போனபோது தனக்கு ஒன்பது வயதென்றும், தாய் ஐந்து பிள்ளைகளையும் கடகமும் பெட்டியும் இழைத்து விற்றே வளர்த்ததாகவும், விளக்கெண்ணெய் மிச்சம் பிடிக்க நிலா வெளிச்சத்தில் முற்றத்திலிருந்து தாயும் பிள்ளைகளும் ஓலை வார்ந்ததாகவும் சொன்னா. அடுப்படி வாசலில் நின்ற மகள், “சுவாமி, இது எனக்கே தெரியாது. எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை” என்றாள். “நீ கேக்கேல்லையே மோனை” என்றா தாய்.

இனிப் பாடத்துக்கு வருவோம். முதலில் ஓலையை அறிதல் வேண்டும். பனையின் உச்சியில் விரியாது கூராக நிற்பது குருத்தோலை. குருத்தோலை ஞாயிறன்று சிலுவை பின்னாத பிள்ளை எங்களுக்குள் இல்லையாதலால் அதை விளக்கத் தேவையில்லை. குருத்தையடுத்து, அப்பொழுதுதான் விரியத் தொடங்கி இளமை மாறாதிருப்பது சார்வோலை. முற்றிப் பச்சையாக நிற்பது வேலிக்கும் கூரைக்கும் ஆகும். காய்ந்து விழுவது காவோலை; அடுப்புக்கு. பெட்டி, கடகம், பாய், தடுக்கு, கொட்டைப்பெட்டி ஆகிய யாவும் வெயிலிற் காயவைத்த சார்வோலையிலேயே இழைக்கப்படும். பச்சையாக இழைத்தால் ஓலை காயும்போது சுருங்கிக் கண்ணுக்குக் கண் இடைவெளி விழும். ஒரே மரத்திற் குருத்தையும் சார்வையும் அடிக்கடி வெட்டினால் மரம் நலிவடையும். ஆகையால் ஏறுகிறவரிடம் மரம் மாற்றி வெட்டச் சொல்லுங்கள். வளவில் உயரமில்லாத வடலி நின்றால் பிள்ளைகளுக்கு அதிலேயே காட்டிக்கொடுக்கலாம்.

பனையின் பயன்கள் எண்ணூற்றொன்று என்று ஒரு பழைய தமிழ் நூல் கூறுவதை, 1850இல் கொழும்பில் வெளியான தமது பனை பற்றிய ஆங்கில நூலிலே வில்லியம் பேர்குசன் எடுத்துக்காட்டினார். எண்ணிப் பார்க்க எமக்கு நேரமில்லை. ஆனால் ஒரு விடயத்தை இளையோர் அறிந்திருக்க வேண்டும். 2009 வரை நீடித்த போரிலே காவலரண்களுக்காகப் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. ஒரு பனை காய்க்கத் தொடங்கவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்லும். எனவே இன்று உங்கள் வளவிற் காய்த்து நிற்கும் பனை, அதற்கு முந்திய யாரோ ஒருவர் பழம் பொறுக்கி விதை போட்டதால் வந்தது. பனம்பழம் சூப்பிய பிள்ளைகளிடம் அந்த விதைகளில் இரண்டையாவது கிழங்குப் பாத்தியில் போடாது, வேலியோரம் நிரந்தரமாகப் புதைக்கச் சொல்லுங்கள்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. காய்ந்த சார்வோலை, ஓலை வாரும் சத்தகம், ஈரத்துணி ஒன்று, உடுப்புக் காயப்போடும் கிளிப் எட்டு. சத்தகம் இல்லாதவர் கூரிய கத்தரிக்கோலும் அடிமட்டமும் வைத்துச் சமாளிக்கலாம். பத்து வயதுக்குக் குறைந்தவர் கையிற் சத்தகம் கொடுக்க வேண்டாம்.

ஓலையின் ஒவ்வோர் இதழும் நடுவில் ஈர்க்கோடு மடிந்திருக்கும். ஈர்க்கைக் கிழித்தெடுத்தால் இரண்டு வார் கிடைக்கும். ஈர்க்கை எறிய வேண்டாம். விளக்குமாற்றுக்கும் இடியப்பத் தட்டுக்கும் அதுவே வேண்டும். வாரை ஒரு சதமமீற்றர் அகலத்துக்கு, நீளம் ஒன்றரை அடிக்குக் குறையாமல் வார்ந்து, சத்தகத்தின் முதுகால் ஒருமுறை அழுத்தி இழுத்து நேராக்குங்கள். இழைப்பதற்குச் சற்று முன் ஈரத்துணியிற் சுற்றி வைத்தால் ஓலை பதமாகும். தண்ணீரில் ஊறவிடக் கூடாது. அவசரக்காரர் அப்படித்தான் செய்வார்கள், பின்னர் பெட்டி தளர்ந்துவிட்டதென்று ஓலையைக் குறை சொல்வார்கள்.

நிறம் வேண்டுமென்றால் சந்தையில் ஓலைச்சாயம் வாங்கிக் கொதிநீரிற் கரைத்து, வார்ந்த ஓலையை அதில் அவித்து, நிழலிற் காயவிடலாம். சிவப்பும் பச்சையும் ஊதாவும் எங்கள் பெட்டிகளின் பழைய நிறங்கள். முதற் பெட்டிக்கு எட்டு வார் நிறமும் எட்டு வார் வெள்ளையும் எடுங்கள். அழகுக்காக மட்டுமல்ல, எந்த வார் எதன் மேலாற் போகிறதென்று பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரியும்.

இப்பொழுது எட்டு வெள்ளை வாரையும் ஒட்டினாற்போல் நிலத்தில் அடுக்குங்கள். ஓலையின் வழவழப்பான முகம் கீழே இருக்கட்டும். அதுவே பெட்டியின் வெளிப்புறமாக வரும். நிற வார்களை ஒவ்வொன்றாகக் குறுக்கே, ஒன்றுக்கு மேல் ஒன்றுக்குக் கீழாக விடுங்கள். அடுத்த வார் முந்தியதற்கு எதிர்மாறாகப் போக வேண்டும். எட்டும் முடிந்ததும், பின்னல் வாரின் நடுப்பகுதியில் ஒரு சிறு சதுரமாக நிற்கிறதா, நான்கு பக்கமும் மிச்ச ஓலை ஒரே நீளத்திற்கு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் இழுத்துச் சரிசெய்து, இறுக்கி, நான்கு மூலைக்கும் கிளிப் போடுங்கள். அடி இறுகாவிட்டால் மேலே செய்கிற எதுவும் இறுகாது.

அடுத்த இடத்திலேதான் பெரியவர்களே மயங்குவர். சதுரத்தின் மூலை பெட்டியின் மூலையாகாது. ஒரு பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் எட்டு வாரிலும் நான்கை இடமும் நான்கை வலமும் எண்ணிப் பிரியுங்கள். நடுவில் அருகருகாக நிற்கும் நான்காவதையும் ஐந்தாவதையும் ஒன்றன் மேல் ஒன்று சாய்த்து மாற்றிப் போடுங்கள். பிறகு இடத்தாரை வலப்பக்கத்து வார்களுக்குள்ளும் வலத்தாரை இடப்பக்கத்து வார்களுக்குள்ளும், முன்போலவே மேலும் கீழுமாக இழைத்துச் செல்லுங்கள். தட்டையாகக் கிடந்த ஓலை அந்த இடத்தில் திடீரென்று எழும்பி நிற்கும். அதுதான் பெட்டியின் மூலை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டியதும் அந்த நேரத்திலேதான்.

நான்கு பக்கத்திலும் இவ்வாறே செய்தால் நான்கு மூலையும் எழும்பி, எல்லா வாரும் சரிந்து சரிந்து ஒன்றையொன்று சந்திக்கும். சுற்றிச் சுற்றி வேண்டிய உயரம் வரை இழையுங்கள். சிறு பெட்டிக்கு மூன்று விரல் உயரம் போதும். ஒரு வார் தொடர்ந்து இரண்டுக்கு மேலாகப் போயிருந்தால் அது பிழை. அவ்விடம் வரை கழற்றுங்கள். கழற்றுவதற்குப் பிள்ளை அழுதால் தாய் கழற்றிக் கொடுக்கட்டும், ஆனால் தாய் இழைத்துக் கொடுக்கக் கூடாது. இந்த விதியை எங்கள் தாய்மார் மீறுவார்களென்பது எனக்குத் தெரியும்.

உயரம் வந்ததும் ஒவ்வொரு வாரையும் ஒரே மட்டத்தில் முன்புறமாக மடித்து, அது மறுபுறம் சரிந்து இறங்கும் வழியிலேயே கீழ்நோக்கி இரண்டு மூன்று கண்ணுக்குள் செருகி, மிச்சத்தை நறுக்கிவிடுங்கள். கடகம் போன்ற பாரம் சுமக்கிற பொருளுக்குப் பனை மட்டை நாரால் விளிம்பு பொத்த வேண்டும். அதற்குக் குத்தூசியும் கைப்பலமும் வேண்டும். சிறு பெட்டிக்குத் தேவையில்லை.

மூடிக்கும் அதே பாடம்தான். வார் எட்டும் எட்டுமே. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நூலளவு அகலமாக இருக்கட்டும். எட்டு வாரிலும் அந்தச் சிறு வித்தியாசம் சேர்ந்து மூடி பெட்டிக்கு மேலாற் கவிழும். இரும்புப் பட்டடையோ அளவுக் கருவியோ இல்லாமல் இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குப் பெட்டி இழைத்த எங்கள் பாட்டிமாரிற் பலர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்.

என்னுடைய கதை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சிறிய குருமடத்துக்குப் போனபோது, ஊசி, நூல், தெறி போட்டு வைப்பதற்கென்று என் தாயார் ஒரு மூடற்பெட்டி இழைத்துத் தந்தா. மற்றப் பையன்களிடம் தகரப் பெட்டியும் பிளாஸ்ரிக் பெட்டியும் இருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் கட்டிலின் கீழ் சுவரோடு தள்ளி வைத்துவிட்டு, தெறி கழன்றால் பிறரிடம் ஊசி இரவல் கேட்டுக்கொண்டிருந்தேன். 1995 ஐப்பசி முப்பதாம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது புத்தகங்களைத் தூக்கினேன். பெட்டியின் நினைவே வரவில்லை. தென்மராட்சியில் தாயாரைச் சந்தித்தபோது அவ கேட்ட இரண்டாவது கேள்வி, “பெட்டி எங்கை ராசா?” என்பதுதான். “ஓடேக்கை விழுந்து போச்சு” என்றேன். “போனாற் போகுது” என்று சொல்லி, யாரோ ஒருவர் வளவின் மாமரத்தின் கீழிருந்து, இரவல் ஓலையில், சத்தகமின்றிச் சவர அலகால் வார்ந்து வேறொன்று இழைத்துத் தந்தா. வார் சமமில்லாததால் மூடி சற்று இறுக்கம். திறக்கும்போது இரண்டு கையும் வேண்டும். இப்பொழுது இந்தப் பத்திரிகை மேசையிலே அதற்குள் குண்டூசி கிடக்கிறது. உண்மையை நான் அவவுக்குச் சொல்லவில்லை. சொல்வதற்கு இப்போது அவ இல்லை.

பன்னவேலை ஏழைகளின் வேலை, கீழான வேலை என்று எங்கள் சமூகம் நெடுங்காலம் எண்ணியது. இதை மறைத்துப் பயனில்லை. மரமேறியவரையும் ஓலை இழைத்தவரையும் வாசலோடு நிறுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே பெட்டியை விமானத்தில் ஏற்றிச்சென்று வரவேற்பறையில் வைக்கிறார்கள். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்த பின் பயிற்சியும் விற்பனையும் ஓரளவு ஒழுங்குபட்டன. ஆயினும் சந்தையில் ஒரு பெட்டிக்கு ஐம்பது ரூபா குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிற வழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. ஒரு நாள் முழுவதும் குந்தியிருந்து, முதுகு நோக, ஒன்றை இழைத்துப் பார்த்த பிள்ளை அந்தப் பேரத்தைப் பேசாது. இந்தப் பாடத்தைப் படிப்பதற்கு அது ஒன்றே போதிய காரணம் என்பது என் எண்ணம்.

வீட்டில் இழைக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் அயலில் ஓர் ஆச்சியைத் தேடுங்கள். பிள்ளைகளை அவவிடம் அனுப்பும்போது வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். நேரத்துக்குரிய கூலியையும் கொடுத்தனுப்புங்கள். பின்னேரத்தில் எல்லோருமாகத் திண்ணையில் இருந்தால், ஒருவர் வாரலாம், ஒருவர் இழைக்கலாம், தகப்பன்மார் ஈர்க்குக் கிழிக்கலாம். பனங்காய்ப் பணியாரம் சுடுகிற நாளாக இருந்தால் வேறு பகிடியே தேவையில்லை. எண்ணெய்க் கையோடு ஓலையைத் தொடவேண்டாம் என்பது மட்டும் ஞாபகமிருக்கட்டும். பெட்டியிற் கறை படிந்தால் போகாது.

முதற் பெட்டி கோணலாகத்தான் வரும். அதைக் கழற்றி எறியாமல் யாருக்குக் கொடுப்பதென்று பிள்ளையையே கேளுங்கள். கரையோர வீட்டுப் பேத்தி இரண்டு இழைத்தாள். நல்லதை ரொறன்ரோவிலுள்ள தன் வகுப்பு ஆசிரியைக்கென்று எடுத்துவைத்தாள். கோணலானதை அம்மம்மா கொடுக்க மறுத்துவிட்டா. வெற்றிலைக்கு வைத்திருக்கிறா என்று கேள்வி.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஓலை தாவரப் பொருள். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விமான நிலையத்தில் நிரப்பும் படிவத்திலே அதை மறைக்காது குறிப்பிட வேண்டும். மறைத்தாலே தண்டம். நன்கு காய்ந்து, பூச்சி இன்றி, மண் ஒட்டாமல் இருக்க வேண்டும். மரத்திலிருந்து அன்று வெட்டிய ஓலையை நினைவாகக் கொண்டுபோக நினைக்க வேண்டாம்.

இங்கே வைத்திருப்பவர்கள் பெட்டியைப் பொலித்தீன் பையிற் கட்டி வைக்க வேண்டாம், வியர்த்துப்போகும். மாரி தொடங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்து, மழை விட்ட ஒரு காலை வெயிலில் அரை மணித்தியாலம் வாயைத் திறந்து கவிழ்த்து வையுங்கள். அடுத்த ஆவணிக்கு ஓலை வெட்டுவதானால், மழைக்கு முன் ஏறுகிறவரிடம் சொல்லி வைக்க வேண்டும். தை மாதத்திற் போய்க் கேட்டால் அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.